விடிவதற்குள் யார் வருவார்கள்?

குடிமக்கள் கையில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று அமெரிக்கர்கள் போடும் சண்டையில் ஒரு வாதம் மட்டும் நம்மவர்களுக்கு மண்டையில் ஏறுவதே இல்லை. வீட்டுக்குள் திருடன் வந்தால் சுடுவேன் என்றால் சரி. மான் வேட்டைக்கு என்றால் அதுவும் சரி. "நாளைக்கு அரசாங்கமே கொடுங்கோலாக மாறினால் எதிர்த்து நிற்கவேண்டுமே, அதற்காக வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் அலமாரியைத் திறந்து காட்டினால் சிரிப்புத்தான் வருகிறது. டாங்க் வைத்திருப்பவனிடம் ரைபிளைத் தூக்கிக்கொண்டு போவாயா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். ஆனால் அந்த ஆளிடமும் ஒரு பதில் இருக்கிறது. "1946, ஏதன்ஸ்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அங்கே ஆயுதம் ஏந்திய குடிமக்கள் ஓர் அரசாங்கத்தை ஒரே ராத்திரியில் கவிழ்த்தார்கள், ஜெயித்தார்கள். எப்படி ஜெயித்தார்கள் என்று நட்டு நட்டாகக் கழற்றிப் பார்த்தால்தான் இந்த வாதத்தில் எது உருப்படி, எது வெற்றுப் பேச்சு என்று தெரியும்.

டென்னசி மாநிலத்தில் மெக்மின் என்றொரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. அதன் தலைநகரம் ஏதன்ஸ். அமெரிக்கக் கவுண்டிகளில் ஷெரிப் என்பவர் தேர்தலில் நின்று ஜெயித்து வரும் போலீஸ் அதிகாரி. டெப்டிகள் அவர் வைத்த ஆட்கள். 1936-ல் பால் கேன்ட்ரெல் ஷெரிப் ஆனதிலிருந்து ஊர் அவர் கோஷ்டியின் கையில் போனது. ஷெரிப் ஆபீசுக்கு வருமானம் எப்படி வந்தது என்பதில்தான் சூட்சுமம். கைது செய்தால் ஒரு கட்டணம், உள்ளே வைத்தால் ஒரு கட்டணம், வெளியே விட்டால் ஒரு கட்டணம். ஆக, கைதுதான் வியாபாரம். அந்த வழியாகப் போகும் பஸ்களை நிறுத்தி, தூங்கிக்கொண்டிருக்கும் பயணிகளை எழுப்பி, குடித்திருக்கிறாய் என்று அபராதம் போட்டார்கள். பத்து வருஷத்தில் இந்த வகையில் வசூலானது ஏறக்குறைய 3 லட்சம் டாலர். தேர்தலில் தில்லுமுல்லு என்று 1940, 1942, 1944 மூன்று தேர்தலிலும் புகார் போனது. மத்திய நீதித்துறை விசாரித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

1945 முடிந்து பையன்கள் போரிலிருந்து திரும்பினார்கள். இந்த ஒரு கவுண்டியில் மட்டும் மூவாயிரம் பேர் என்பார்கள். கையில் படைவிலகல் பணம் இருந்ததால் டெப்டிகளுக்கு இவர்கள்தான் நல்ல வேட்டை. இவர்களே ஒரு கட்சி சாராத அணியை அமைத்து, நாக்ஸ் ஹென்றி என்பவரை ஷெரிப் பதவிக்கு நிறுத்தினார்கள். 1946 ஆகஸ்ட் 1 வாக்குப்பதிவு. வெளியூர்களிலிருந்தெல்லாம் வரவழைக்கப்பட்ட ஆயுதம் தாங்கிய டெப்டிகள் சுமார் 200 பேர் வாக்குச்சாவடிகளில் நின்றார்கள். மதியத்துக்குமேல் டாம் கில்லெஸ்பி என்ற வயதான கறுப்பின விவசாயி ஓட்டுப்போட வந்தார். உனக்கு இங்கே ஓட்டு இல்லை என்று ஒரு டெப்டி அடித்து, அவர் திரும்பி ஓடும்போது முதுகில் சுட்டான். அவர் பிழைத்தார். சாயங்காலம் வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டெப்டிகள் சிறைக் கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எண்ணிக்கை அங்கே, அவர்கள் இஷ்டத்துக்கு.

ராத்திரி ஒன்பது மணிவாக்கில் முன்னாள் சிப்பாய்கள் சிறைக்கு எதிரே இருந்த மேட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு சுட ஆரம்பித்தார்கள். உள்ளே ஐம்பது பேருக்குமேல். செங்கல் சுவர். மணிக்கணக்கில் சுட்டும் யாரும் வெளியே வரவில்லை. நள்ளிரவு தாண்டியபின் டைனமைட் வந்தது. கட்டிக்கட்டி வீசினார்கள். ஒன்று முன்வாசல் திண்ணையைப் பெயர்த்தது, ஒன்று காரைக் குப்புறத் தள்ளியது. மூன்றரை மணிபோல உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. பெட்டிகளைத் திறந்து எண்ணினார்கள், ஹென்றி ஷெரிப் ஆனார்.

இப்போது கழற்றுவோம். முதலில் துப்பாக்கி. அலமாரித் துப்பாக்கி ஆதரவாளர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை வேகமாகத் தாண்டிப் போவார்கள். அன்று முற்றுகையைத் தாங்கிய ரைபிள்கள் அவரவர் வீட்டிலிருந்து வந்தவை அல்ல. ஊரில் இருந்த நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையின் ஆயுதக் கிடங்கின் பூட்டை உடைத்து எடுத்தவை. அரசாங்கத் துப்பாக்கி, அரசாங்கத் தோட்டா. அதைப் பிடிக்கத் தெரிந்த கைகளும் அரசாங்கம் சம்பளம் கொடுத்துப் பழக்கிய கைகள். கதவைத் திறக்கவைத்தது துப்பாக்கிகூட அல்ல, டைனமைட்.

அடுத்து, இலக்கு. ஒரே கட்டடம், உள்ளே சில பெட்டிகள். பெட்டி கைக்கு வந்ததும் வேலை முடிந்தது; அதற்கப்புறம் ஊரைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தேவையில்லை, எண்ணினாலே போதும். எதிரியும் அரசாங்கத்தின் அடிப்படிக்கட்டு. அதற்குமேல் மாநிலம், அதற்குமேல் வாஷிங்டன். அந்த இரண்டு பேரும் அன்று ராத்திரி வரவில்லை. நேஷனல் கார்டு புறப்பட்டுவிட்டது, விடிந்தால் வந்துவிடும் என்ற வதந்தி மேட்டில் படுத்திருந்தவர்கள் காதிலும் விழுந்தது. டைனமைட்டுக்கு அவசரம் வந்ததும் அதனால்தான். விடிந்து, மாநிலப் படை வந்து நின்றிருந்தால் அவர்கள் ஆயுதக் கிடங்கைக் கொள்ளையடித்த குற்றவாளிகள். மூன்றரைக்கே முடிந்ததால் நல்லாட்சி தந்த வீரர்கள்.

ஆக, இந்த வகைச் சண்டையில் எண்ணவேண்டியது துப்பாக்கியை அல்ல, மணி நேரத்தை. விடிவதற்குள் யார் வருவார்கள், யாருக்காக வருவார்கள்? இதைக் கேட்காமல் யாரிடம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று பேசுவது சீட்டைப் பார்க்காமல் பந்தயம் கட்டுகிற மாதிரி.

இதே கேள்விக்கு வேறு விடை வந்த இடம் பிளேர் மலை. மேற்கு வர்ஜீனியாவின் லோகன் கவுண்டி, 1921. அங்கே ஷெரிப் டான் சேஃபின் நிலக்கரிக் கம்பெனிகளிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தொழிற்சங்கக்காரர்களை ஊருக்குள் விடாமல் அடித்துத் துரத்தினார். அந்த ஆகஸ்ட் 1-ம் தேதி, தொழிலாளர் பக்கம் நின்ற போலீஸ் அதிகாரி சிட் ஹாட்ஃபீல்டை வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டிலேயே கம்பெனி ஆட்கள் சுட்டுக்கொன்றார்கள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஆயுதத்தோடு கிளம்பினார்கள். இது கட்டுப்பாடில்லாத கூட்டம் அல்ல. காவல் போட்டார்கள், அடையாளச் சொல் வைத்துக்கொண்டார்கள், சமையலுக்கும் காயம்பட்டவர்களுக்கும் தனி ஏற்பாடு இருந்தது. முதல் உலகப்போரில் சண்டையிட்டவர்கள் நிறையப் பேர் கூட வந்தார்கள். மலைமுகட்டில் சேஃபினின் 3,000 பேர், இயந்திரத் துப்பாக்கிகளோடு பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாடகை விமானத்திலிருந்து கையால் செய்த வெடிகுண்டுகளையும் வீசினார்கள்.

நாட்கணக்கில் நடந்த இந்தச் சண்டையில் இரு தரப்பும் சுட்ட தோட்டா ஏறத்தாழ 10 லட்சம் என்பது கணக்கு. 13,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 80 தோட்டாகூட இல்லை. சண்டைக்குப் போகிற இன்றைய அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் வழக்கமாக உடம்பில் கட்டிக்கொண்டு நடப்பதே 210. முப்பது தோட்டா மெகசின் ஏழு. அலமாரியில் ஆயிரம் தோட்டா இருக்கிறது என்று பெருமைப்படுகிறவர் அது எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று யோசிப்பதில்லை. தீர்ந்தபின் யார் கொண்டுவந்து தருவார்கள் என்றும் யோசிப்பதில்லை.

பிளேர் மலையில் முகடு விழவே இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய அரசின் படை வந்தது, ஏறக்குறைய 2,000 பேர். பத்தாயிரம் பேர் இரண்டாயிரம் பேரைப் பார்த்துச் சுடவில்லை. நாங்கள் சண்டைபோட வந்தது சேஃபினோடு, சொந்த நாட்டு ராணுவத்தோடு அல்ல என்று துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பலர் காட்டிலேயே ஒளித்துவைத்துவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போனார்கள். ராணுவம் நியாயம் செய்யும் என்று உள்ளுக்குள் நம்பவும் செய்தார்கள். அப்புறம் வந்தது வழக்கு: கொலை, சதி, தேசத்துரோகம் என்று 985 பேர்மேல் குற்றச்சாட்டு. தலைவர்களில் ஒருவரான பில் பிளிஸார்டைத் தேசத்துரோகத்துக்காக நிறுத்திய நீதிமன்றம், அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனுக்கு 1859-ல் மரணதண்டனை கொடுத்த அதே சார்ல்ஸ் டவுன் நீதிமன்றம். அவர் விடுதலையானார், ஆனால் சங்கம் நொறுங்கிப்போனது. அந்த மலைகளில் சங்கம் காலூன்றியது 1933-ல் சங்கம் சேரும் உரிமையைச் சட்டமாக எழுதியபிறகுதான். பத்தாயிரம் ரைபிள் சாதிக்காததை ஒரு சட்டப்பிரிவு சில மாதத்தில் சாதித்தது என்று சொன்னால் துப்பாக்கிக்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனால் நடந்தது அதுதான்.

"சரி, ஆயுத உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் எழுதியவர்கள் முட்டாள்களா?" என்று கேட்பார்கள். இல்லை. அவர்கள் போட்ட கணக்கே வேறு. அரசியல் சட்டத்தை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் 1788 ஜனவரியில் எழுதிய கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு நாடு தாங்கக்கூடிய நிலையான படை மக்கள்தொகையில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது, அமெரிக்காவுக்கு அது 25,000 முதல் 30,000 பேர். எதிரே ஆயுதம் தாங்கிய குடிப்படை ஐந்து லட்சத்துக்குப் பக்கம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இன்றைக்கு மேடிசன் நினைத்ததைவிட மக்கள் பக்கம்தான் பலம்: 34 கோடிப் பேருக்கு நிலையான படை 13 லட்சம். குடிமக்கள் கையில் 39 கோடித் துப்பாக்கி என்று 2018-ல் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பிட்டது. தலைக்கு ஒன்றுக்கும் மேல்.

ஆனால் மேடிசன் அந்த ஐந்து லட்சத்தோடு நிறுத்தவில்லை. அவர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த அதிகாரிகள் நடத்தவேண்டும், மக்கள் நம்புகிற மாநில அரசுகள் ஒன்றுசேர்த்து இயக்கவேண்டும் என்கிறார். தனித்தனி ஆள் தனித்தனித் துப்பாக்கியோடு நிற்பது அவர் படத்திலேயே இல்லை. மத்திய அரசுக்கு எதிரே நிற்பது இன்னொரு அரசாங்கம். 1792-ல் போட்ட மிலிஷியா சட்டத்தை, அதாவது குடிப்படைச் சட்டத்தைப் பாருங்கள். பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் திடகாத்திரமான, அடிமையல்லாத வெள்ளை ஆண் ஒவ்வொருவனும் ஆறு மாதத்துக்குள் சொந்தக் காசில் வாங்கவேண்டியவை: நல்ல மஸ்கட் துப்பாக்கி ஒன்று, பயனெட் ஒன்று, அதற்குப் பெல்ட், சிக்கிமுக்கிக் கல் உபரியாக இரண்டு, முதுகுப்பை ஒன்று, 24 தோட்டா கொள்ளும் பை. ரைபிள்காரன் என்றால் குண்டு இருபது, வெடிமருந்து கால் பவுண்டு. இது உரிமைப் பட்டியல் அல்ல, கட்டாயப் பட்டியல். பள்ளிக்கூடத்துக்குச் சீருடை வாங்கச் சொல்வது மாதிரி. அன்றைக்கு ராணுவச் சிப்பாயின் கையில் இருந்ததும் அதே மஸ்கட்தான். இன்றைக்கு அந்தச் சமம் சட்டப்படியே கிடையாது. இயந்திரத் துப்பாக்கிக்கு 1934-லிருந்து பதிவும் வரியும் உண்டு, 1986 மே 19-க்குப் பிறகு பதிவானதைத் தனியார் வைத்திருக்கவே முடியாது.

அந்த 24 தோட்டாவுக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. ஆங்கிலேயருக்கு எதிரான புரட்சியில், 1775 ஆகஸ்டில் பாஸ்டனைச் சுற்றி முற்றுகையிட்டிருந்த ஜெனரல் ஜார்ஜ் வாஷிங்டன், கிடங்கில் 308 பீப்பாய் வெடிமருந்து இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தபோது இருந்தது 36. ஆளுக்கு ஒன்பது தோட்டாவுக்குமேல் தேறாது. செய்தி கேட்ட ஜெனரல் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை என்று கூட இருந்த ஜான் சல்லிவன் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பங்கர் ஹில் சண்டையில் மருந்து தீர்ந்து பின்வாங்கியிருந்தார்கள். அந்தப் புரட்சியைக் காப்பாற்றிய மருந்தில் பெரும்பகுதி கடல் தாண்டி வந்தது, முக்கியமாகப் பிரான்சிலிருந்து. 1781-ல் யார்க்டவுனில் ஆங்கிலேயர் தப்பிக்க முடியாமல் வழியை அடைத்ததும் பிரெஞ்சுக் கப்பல்கள். அமெரிக்கப் புரட்சியே குடிமக்கள் துப்பாக்கிக்கு அத்தாட்சி என்று சொல்கிறவர்கள் இந்த 36 பீப்பாயை ஒரு ஓரமாக எழுதிவைத்துக்கொள்ளலாம்.

புதுக் குடியரசு வந்து ஆறேழு வருஷத்தில் முதல் சோதனை. பென்சில்வேனியாவின் மேற்கில் விஸ்கி வரிக்கு எதிராக 1794-ல் கலகம். அப்போது ஜனாதிபதியாக இருந்த வாஷிங்டன் சுமார் 13,000 பேரைத் திரட்டினார். யாரை? அதே குடிப்படையை. கலகக்காரர்கள் படை வருமுன்பே கலைந்துபோனார்கள். கொடுங்கோன்மையைத் தடுக்க என்று எழுதிய கருவி முதல் தடவை எடுக்கப்பட்டது வரி கட்டமாட்டேன் என்றவனை அடக்க.

மாநில அரசே மத்திய அரசுக்கு எதிரே படையை நிறுத்தினால்? மேடிசன் எழுதியபடியே அதுவும் நடந்தது, 1957-ல் லிட்டில் ராக்கில். ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் போகாமல் தடுக்க ஆர்கன்சா கவர்னர் நேஷனல் கார்டை வாசலில் நிறுத்தினார். செப்டம்பர் 24 அன்று ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டு அந்தக் கார்டு முழுவதையும் தன் அதிகாரத்துக்கு மாற்றிக்கொண்டார், கூடவே ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப்பிரிவையும் அனுப்பினார். மாணவர்களைத் தடுத்த படையே மாணவர்களுக்குக் காவல். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. மேடிசனின் மாநிலக் குடிப்படைக்கு என்ன ஆனது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சரித்திரம் இல்லை. இந்த விஷயத்தில் கொடுங்கோல் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

இந்த விவாதத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத இடமும் அதுதான். "ஆயுதம் ஏந்திய குடிமக்கள்" என்றால் கொடுங்கோலுக்கு எதிரே நிற்பவர்கள் என்று தானாகவே எடுத்துக்கொள்கிறோம். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், தேர்தல் முடிவைக் காக்க நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிக் குழி வெட்டி நின்ற கறுப்பினத்தவரை, சிறு பீரங்கியோடு வந்த வெள்ளையர் கூட்டம் கொன்று குவித்தது, சரணடைந்தவர்களையும் விடவில்லை. தண்டனை பெற்றவர்களை 1876-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆயுத உரிமையை மீறாதே என்று இரண்டாம் திருத்தம் சொல்வது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைப் பார்த்துத்தான், தனி மனிதர்களைப் பார்த்து அல்ல என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. 1898 நவம்பர் 10, வட கரோலினாவின் வில்மிங்டன்: சுமார் 2,000 ஆயுதம் தாங்கிய வெள்ளையர்கள் கறுப்பினத்தவரின் பத்திரிகை அலுவலகத்தை எரித்து, பலரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரையும் நகர்மன்றத்தையும் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்யவைத்தார்கள். கறுப்பினத்தவருக்குக் கடைக்காரர்கள் துப்பாக்கி விற்க மறுத்துவிட்டார்கள். குடிமக்கள் ஆயுதம் ஏந்தி ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்து நிரந்தரமாக ஜெயித்த அமெரிக்க உதாரணம் வேண்டும் என்றால் ஏதன்ஸைவிட வில்மிங்டன்தான் பெரிது. அதற்கும் விடை அதே இடத்தில் இருக்கிறது: மேலே இருந்தவர்கள் யாரும் வரவில்லை. உயிர்பிழைத்தவர்கள் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதங்களுக்குப் படையாகப் பதில் வரவே இல்லை.

பின்னால் 1967 மே 2 அன்று பிளாக் பாந்தர் என்ற கறுப்பினக் கட்சியினர் துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்தார்கள். சில மாதத்திலேயே குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய கவர்னர் ரொனால்டு ரீகன். யார் கையில் என்பது முக்கியம்போல.

இடையில் ஒரு சிறு விஷயம், நம் பக்கத்துச் சமாச்சாரம் என்பதால். இந்தியா முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டம் பிரிட்டிஷ் ஆட்சியின் தீச்செயல்களிலேயே மிகக் கறுப்பானது என்று காந்தி சொன்னதை அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் போஸ்டராகவே ஒட்டுவார்கள். சொன்னார், உண்மை. 1918-ல், முதல் உலகப்போருக்கு ஆள் சேர்க்க அடித்த துண்டறிக்கையில். அடுத்த வரியிலேயே, அந்தச் சட்டம் நீங்கவேண்டும் என்றால் இதோ பொன்னான வாய்ப்பு, படையில் சேருங்கள் என்கிறார். பிரிட்டிஷ் படையில்! போஸ்டரில் அந்த வரி இருக்காது.

கொடுங்கோன்மைப் பயம் அமெரிக்காவில் வெறும் பேச்சல்ல, அன்றாடக் காகித வேலைக்குள்ளேயே புகுந்திருக்கிறது. கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் பாரம் 4473 என்ற படிவத்தை நிரப்பி, அடையாள அட்டை காட்டுகிறார். கடைக்காரர் எஃப்பிஐயின் சோதனை அமைப்பைக் கேட்கிறார். வரும் பதில் மூன்றில் ஒன்று: கொடு, பொறு, கொடுக்காதே. "பொறு" என்று சொல்லிவிட்டு மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால் கடைக்காரர் தன் பொறுப்பில் கொடுத்துவிடலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி போனது இந்த ஓட்டை வழியாகத்தான். "கொடு" என்று வந்த சோதனையின் பதிவை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்தாகவேண்டும். பாரம் கடையிலேயே இருக்கும். எந்தத் துப்பாக்கி யாரிடம் என்று மத்திய அரசு பட்டியல் தயாரிப்பதை 1986 சட்டம் தடுக்கிறது. பட்டியல் இருந்தால் நாளைக்கு வீடு வீடாக வந்து பறிப்பார்கள் என்பது காரணம்.

இதன் விளைவை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் பார்க்கலாம். மூடப்பட்ட கடைகளின் பாரங்களெல்லாம் அங்கே துப்பாக்கி விவகாரங்களைப் பார்க்கும் மத்திய ஏடிஎஃப் துறையின் தடயமறியும் மையத்துக்குப் பெட்டி பெட்டியாக வந்து சேரும். தரை எடை தாங்காது என்று வாகன நிறுத்தத்தில் கப்பல் கன்டெய்னர்களிலும் அடுக்கிவைத்திருந்தார்கள். ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் வெறும் படமாக. வாங்கியவர் பெயரைத் தட்டித் தேட முடியாதபடி. கொலை நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் அதன் எண்ணை வைத்துத் தயாரித்த கம்பெனியைக் கேட்டு, அங்கிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து கடை என்று இறங்கி, கடை மூடியிருந்தால் ஓர் ஊழியர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கண்ணால் தேடுகிறார். தேடிக் கிடைப்பதும் முதலில் வாங்கியவர் பெயர் மட்டும். பல மாநிலங்களில் அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்க ஒரு பாரமும் வேண்டாம். சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். கையில் போன், பாக்கெட்டில் கிரெடிட் கார்டு, துப்பாக்கியோடு எடுத்த படம் சமூக ஊடகத்தில். இத்தனையும் வைத்துக்கொண்டு இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் கொடுங்கோலரசு கண்டுபிடிக்கும் என்று நம்புவதற்குத் தனி மனசு வேண்டும்.

2008-ல் ஹெல்லர் வழக்கில்தான் துப்பாக்கி தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் சொன்னது. தீர்ப்பெழுதிய ஸ்காலியா அதற்கு அடிப்படையாக வைத்தது வீட்டுக்குள் தற்காப்பை. எவ்வளவு சிறு ஆயுதம் இருந்தாலும் இன்றைய குண்டுவீச்சு விமானத்துக்கும் டாங்குக்கும் முன்னால் பயன்படாது என்பது உண்மையாக இருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். அதற்காக உரிமையின் பொருள் மாறாது என்பது அவர் வாதம். துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கேட்டாலும் இதேதான்: 2023-ல் பியூ ஆய்வில் 72 சதவீதம் பேர் முக்கியக் காரணமாகச் சொன்னது பாதுகாப்பு. உரிமை என்று சொல்லி, கூட்டமாகச் சேர்ந்து படைப் பயிற்சி எடுக்கலாமா என்றால், 1886-லேயே தனியார் படை அணிவகுப்பை மாநிலங்கள் தடைசெய்யலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் தடை உண்டு.

அப்படியானால் வியட்நாம், ஆப்கானிஸ்தான்? வழக்கமாக வரும் கேள்வி, நியாயமானதும்கூட. இரண்டு இடத்திலும் சாதாரண ரைபிள்காரர்கள் அமெரிக்காவைக் களைக்கவைத்தார்கள். ஆனால் வடக்கு வியட்நாமுக்குச் சோவியத்தும் சீனாவும் ஆயுதம் கொடுத்தன, லாவோஸ் வழியாகப் பாதை ஓடியது. தாலிபானுக்கு எல்லைக்கு அப்பால் படுத்தெழ இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்கச் சிப்பாய்க்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருந்தது. சொந்த நாட்டில் ஆளும் அரசுக்கு விமானமேறிப் போக வேறு ஊர் கிடையாது. அது கடைசிவரை நிற்கும். உள்ளே சிப்பாய்கள் உத்தரவை மறுத்தால் ஒழிய விழாது. அவர்கள் மறுப்பதற்கு எதிரே நிற்பவன் கையில் துப்பாக்கி இல்லாமல் இருப்பது பெரும்பாலும் உதவி. தன்னைச் சுடுகிறவனைச் சுட எந்தச் சிப்பாயும் தயங்குவதில்லை.

அரசாங்கம் பின்வாங்கிய சமீபத்திய உதாரணம் 2014-ல் நெவாடாவின் பங்கர்வில். மத்திய அரசு நிலத்தில் மாடு மேய்த்துவிட்டு இருபது வருஷமாகக் கட்டணம் கட்டாத கிளைவன் பண்டியின் மாடுகளைப் பிடித்தார்கள். ஏப்ரல் 12 அன்று ஆதரவாளர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், சிலர் நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலிருந்து குறிவைத்தார்கள். அதிகாரிகள் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். மாட்டுக்காகப் பத்துப் பிணம் விழவேண்டாம் என்று ஒருவர் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். இருபத்தொரு வருஷம் முன்னால் டெக்சாஸின் வேக்கோவில் ஒரு மதக் குழுவின் வளாகத்துக்குள் மத்திய அதிகாரிகள் நுழையப் போனபோது முதல் நாளே அவர்களில் நான்கு பேர் செத்தார்கள். 51 நாள் முற்றுகைக்குப் பிறகு தீயில் குழந்தைகள் உட்பட 76 பேர் போனார்கள். அங்கே உள்ளே இருந்த துப்பாக்கிகள் ஒன்றும் குறைவில்லை. பங்கர்வில் வெற்றி தந்த தெம்பில் பண்டியின் மகன்கள் 2016 ஜனவரியில் ஓரிகனில் மால்யூர் பறவைகள் சரணாலய அலுவலகத்தைப் பிடித்தார்கள். அரசு அவசரப்படவில்லை. உள்ளே இருந்தவர்கள் தின்பண்டம் அனுப்பச் சொல்லிப் பொதுமக்களைக் கேட்கும் நிலை வந்தது. 41-வது நாள் கடைசி நான்கு பேர் வெளியே வந்தார்கள். இடையில் ஒருவர் சாலையில் சுடப்பட்டு இறந்தார்.

குடிமக்கள் துப்பாக்கி நல்லதற்குப் பயன்பட்ட இடமே இல்லையா? உண்டு. 1964-ல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில், பெரும்பாலும் முன்னாள் சிப்பாய்களான கறுப்பினத் தொழிலாளர்கள் "டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்" என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ராத்திரியில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தார் வரும் தெருக்களில் துப்பாக்கியோடு காவல் சுற்றினார்கள். அடுத்த வருஷம் போகலூசாவில் இன்னும் சூடு. அங்கே போலீசுக்கும் கிளானுக்கும் உறவு பலம். அந்த ஜூலையில், ஊர்வலத்தில் வந்தவர்களைத் தாக்கிய கும்பலைப் பார்த்து ஒரு டீக்கன் சுட்டார், ஒருவன் காயப்பட்டான். டீக்கன்களிடம் கிளானைத் தோற்கடிக்கப் போதுமான ஆளோ தோட்டாவோ இல்லை, அவர்கள் அப்படி நினைக்கவும் இல்லை. ஊர் உள்நாட்டுப் போராக வெடித்துவிடும் என்று வாஷிங்டன் பயந்தது. அந்த மாதமே மத்திய நீதித்துறை வக்கீல்கள் போகலூசாவுக்கு வந்து இறங்கினார்கள். கிளான்மீது ஒரு வழக்கு, நகரப் போலீஸ்மீது இன்னொரு வழக்கு. டிசம்பரில் கிளானுக்கு எதிராக நீதிமன்றத் தடை உத்தரவு வந்தது.